ஐந்தாவது கை

மேலமாசி வீதியின் லினக்ஸ் ஆர்வலர் கூட்டத்தில் கைகளை எண்ணலாம். தலைகளை எண்ணக் கூடாது. இதை எவரும் சொன்னதில்லை, மீறியதுமில்லை. பிறர் எழுதி இலவசமாகப் பகிர்ந்த நிரல் தொகுப்பான ஒரு லைப்ரரியின் பெயரைச் சொன்னால், அதைத் தாமே பயன்படுத்திப் பார்த்தவர்கள் கை உயர்த்துவார்கள். அந்தக் கைகளை நம்பியே மற்றவர்கள் நிரல் எழுதினார்கள்.

கூட்டத்துக்குப் புதியவளான சாதிகாவின் முதல் ஒப்பந்தம், ஓர் ஆம்னி பஸ் நிறுவனத்தின் தீபாவளி முன்பதிவு மென்பொருள். அது நின்றால் அவள் தொழிலும் நின்றுவிடும். தான் தேர்ந்த லைப்ரரியின் பெயரைச் சொன்னாள். எதிரே, கூட்டத்தை நடத்தும் ராஜகுருவையும் சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு கைதான் தூக்கினார்கள்; ஐந்து கைகள் உயர்ந்தன.

“அஞ்சு. தைரியமா போடும்மா,” என்றார் ராஜகுரு, கைகளை மட்டும் பார்த்து, எவர் முகத்தையும் பார்க்காமல்.

முன்பதிவு நாளில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் மற்ற நிறுவனங்களின் கணினிகள் திணறி நின்றன. அவளுடையது இரவுவரை ஓடியது.

அடுத்த ஞாயிறு கைதட்டல் ஓயவில்லை. “அம்புட்டு டிக்கெட்டா! பரோட்டா எப்போ?” என்றார் ராஜகுரு.

“கை தூக்கின அஞ்சு பேருக்கும் வாங்கித் தாரேண்ணே,” என்று எழுந்த சாதிகா, ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி, உரக்க எண்ணத் தொடங்கினாள்.