மூவாயிரம் பேருந்துகள்

“எனக்கு எவன்கிட்டயும் கெஞ்சிப் பழக்கமில்ல. நான் சொல்றதை அப்படியே எழுது!” என்று கொளஞ்சி போட்ட சத்தத்தில், ஜெராக்ஸ் எடுக்க வந்த டீக்கடை பெரியசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

தேவயானி கணவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு, “சொல்லுங்க, இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பிடறேன்” என்றாள். அவள் பி.காம். படித்தவள். கொளஞ்சிக்கு ஆங்கிலத்தில் தன் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் வராது.

ஒரு மாதமாக அவள் அவனிடம் அளந்துதான் பேசுகிறாள். கைக்குழந்தையோடு தோழி கல்யாணத்துக்குப் போனவள் இருட்டிய பிறகு வீடு திரும்ப, “கதை பேசிக்கினு பஸ்ஸை விட்டுட்டியா?” என்று வாசலிலேயே நிற்கவைத்து அவன் கத்தியதிலிருந்து இப்படித்தான். அவனுக்கு அதெல்லாம் மறந்தே போய்விட்டது.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாலும், கொளஞ்சியின் பெருமையெல்லாம் அவனுடைய பஸ் டைம் வெப்சைட்தான். அதற்காக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கால் கடுக்க நின்று, கண்டக்டர்களைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வந்தவள் தேவயானி. இருநூறு பேருந்துகள், அத்தனையும் சொன்ன நேரத்துக்கு வருபவை.

அது போதவில்லை அவனுக்கு. பாண்டிச்சேரியில் எவனிடமோ ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வந்தான். எந்த இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலும், நடுவில் இல்லாத ஒரு பஸ்ஸைத் தானே ஓடவிட்டு, நேரமும் போட்டு, ஒரு பக்கத்தைத் தயார் செய்துவிடும். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து குயிலாப்பாளையத்துக்கு நேரடிப் பேருந்து, தினமும் மூன்று முறை! ஒரே வாரத்தில் மூவாயிரம் பக்கம் சேர்ந்தது. எந்த ஊரைத் தேடினாலும் கொளஞ்சியின் சைட்தான் முதலில் வந்து நின்றது.

அந்த 2013ஆம் வருஷம் தேடுபொறிக் கம்பெனி விதிகளை இறுக்கியது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட பக்கங்களெல்லாம் குப்பை என்று நோட்டீஸ் அனுப்பி, சைட்டையே தேடலிலிருந்து தூக்கிவிட்டது. தினம் நாலாயிரம் பேர் வந்த இடத்துக்கு நேற்று வந்தது பதினோரு பேர். இப்படியே போனால் சைட்டை மூடிவிட வேண்டியதுதான். நோட்டீஸில் உதாரணத்துக்கு ஒரு பக்கத்தையும் காட்டியிருந்தார்கள்: மேல்சித்தாமூர் – திண்டிவனம், மாலை 5.40.

“மூவாயிரத்துல இது ஒண்ணு மட்டும் எப்படி அவன் கண்ணுல பட்டுச்சு? எவனோ போட்டுக் குடுத்திருக்கான். நமக்குப் போட்டியா இருக்கற அந்த டிராவல்ஸ் சீனுவாசனாத்தான் இருக்கும்!” என்று கொளஞ்சி மேசையைக் குத்தினான்.

“தப்புன்னு ஒத்துக்கினு அந்தப் பக்கத்தையெல்லாம் எடுத்துடேன்பா. திரும்பச் சேத்துக்குவாங்களாமே” என்றார் பெரியசாமி.

“நானா? உசுரு போனாலும் நடக்காது. நீ எழுது தேவயானி. எங்க ஊரு பஸ்ஸைப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்? ஒரு பக்கத்தைக்கூட எடுக்க மாட்டேன். உன்னால ஆனதைப் பாத்துக்க!”

கால் மணி நேரம் அவன் மூச்சுவிடாமல் திட்டினான். ஆறு வரியில் முடித்து அனுப்பிவிட்டு, தேவயானி அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் சைட் தேடலில் திரும்பி வந்துவிட்டது. கொளஞ்சிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நின்றுகொண்டு, “பாத்தியாண்ணே? உலகமே பயப்படற கம்பெனி! நாலு கேள்வி கேட்டேன், ஜல்தியா வழிக்கு வந்துட்டான்” என்று அலப்பறை பண்ணினான். பெரியசாமியை மாடிக்கே இழுத்து வந்து, “அந்த மேல்சித்தாமூர் பக்கத்தையே காட்டறேன், பாருங்க” என்று மவுஸைத் தட்டினான்.

அந்தப் பக்கம் வரவில்லை. திருவெண்ணெய்நல்லூர் பக்கமும் காணோம். தட்டத் தட்ட, தேவயானி நோட்டில் எழுதி வந்த அந்த இருநூறு பேருந்துகள் மட்டுமே வந்தன.

“இன்னாடி இது?”

“நான்தான் அழிச்சேன். இல்லாத பஸ்ஸைப் போட்டது எங்க தப்பு, எல்லாத்தையும் எடுத்துட்டோம், இனிமே போட மாட்டோம்னு எழுதினேன். நீங்க சொன்னதுல ஒரு வரிகூட அனுப்பல.”

பெரியசாமி மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

“யாரைக் கேட்டு அழிச்ச?”

“யாரையும் கேக்கல. வெயில்ல நின்னு எழுதினவ நான். என் இருநூறு பஸ்ஸைக் காப்பாத்த யாரைக் கேக்கணும்?”

இதுவரை அவள் இப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. கொளஞ்சிக்கு ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. “புகார் குடுத்த சீனுவாசன் கைகொட்டிச் சிரிப்பானேடி! அவன் முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டியே!”

“அந்தாளு பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம சைட்டாச்சேன்னு உங்க அஞ்சு நாப்பது பஸ்ஸை நம்பி, மேல்சித்தாமூர்ல மூணு மணி நேரம் ஒருத்தி நின்னா. அவதான் புகார் குடுத்தா.”

“எவடி அவ?”

தேவயானி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவனை நேராகப் பார்த்தாள்.

“கதை பேசிக்கினு பஸ்ஸை விட்டவ.”