நீச்சல் குளத்தோரம் இரண்டு நாற்காலிகள்

அன்று சுற்றுலாக் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. விடிந்ததுமே சென்னியப்பன் மேல்தளத்துக்கு வந்து, இரண்டு சாய்வு நாற்காலிகளில் துண்டு விரித்து இடம் பிடித்துவிட்டார். மதியம்வரை அவர் மனைவி நாச்சம்மாள் அதில் ஒன்றில் சாய்ந்தே கிடந்தாள். எதிரே நீச்சல் குளமும் அதில் குதிப்பவர்களின் முதுகுகளும்தான் தெரிந்தன. கடல் தெரியவில்லை.

“ஓரமா நின்னு ஒருக்கா கடலப் பாத்துட்டு வந்தர்றனுங்க.”

“எந்திரிச்சா எடம் போயிரும். பையன் இத்தன செலவு பண்ணி அனுப்புனது ஓய்வெடுக்கத்தான? பேசாம படு.”

மூன்றாவது முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து பேருந்திலும் பந்தியிலும் அவர் பிடித்துவைத்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது எழுந்து நடந்தாள்.

தளத்தின் தடுப்புக் கம்பியோரம் காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கரை என்று ஒன்றுமே இல்லை.

“நாச்சா! ஆரோ வந்து உக்காந்துட்டாங்க! வெரசா வா!”

“உக்காரட்டும்” என்றாள், கடலைப் பார்த்தபடி.

தன் நாற்காலியை விட்டு எழாமலே அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.