பிறகு நினைவூட்டு

கீபோர்டு அவள் தோளில் பட்டு இரண்டாகப் பிளந்தது. எழுத்துக் கட்டைகள் தரையெங்கும் தெறித்தன.

“எத்தனை தடவ சொல்றது, இதுல கை வைக்காதேன்னு!”

கணவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைத் திரையோடு வைத்து அழுத்தினான்.

திரையில் நீலக் கட்டம். புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா, பிறகு நினைவூட்டவா?

அவள் தொடவேயில்லை. அது தானாக வரும். அவன் ஷேவ் செய்யும்போது வரும், சாப்பிட உட்காரும்போது வரும். ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதை அவனே அமுக்குவான். அமுக்கிவிட்டு அவளை அடிப்பான்.

பழைய கணினி. அதில் அவன் போட்டிருக்கும் புரோகிராம் புதிய பதிப்பில் ஓடவே ஓடாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அந்த ஆத்திரம்.

உதறியதில் அவள் கீழே விழுந்தாள். விரிந்து கிடந்த வலது கையின் மேல் அவன் ஷூ ஏறியது. திருகியது.

விரல் முறிந்த சத்தம் சோபாவுக்குப் பின்னாலிருந்த மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும். விசும்பல் சட்டென்று நின்றது.

“சாயந்தரம் ஆளைக் கூட்டிட்டு வர்றேன். அப்புறம் இந்தச் சனியன் தலையே காட்டாது.”

வேலைக்கு நேரமாகிவிட்டது. கட்டத்தைக்கூட மூடாமல் கிளம்பினான். கதவை வெளியே பூட்டவில்லை. என்றைக்குமே பூட்டியதில்லை.

அவள் எழவில்லை. அடி வாங்கியவள் எப்படிக் கிடப்பாளோ அப்படியே கிடந்தாள். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள்.

தெருக்கோடிக்கு அப்பால் அவன் போகும் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. இடையில் எங்கும் நிற்காத ரயில்.

அவள் எழுந்தாள். இடது கையால் மவுஸைப் பிடித்தாள். பழக்கமில்லாத கை, அம்புக்குறி கட்டத்தைத் தாண்டித் தாண்டி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வந்து நிறுத்தினாள்.

இப்போதே.

திரை கறுத்தது. முடியும்வரை கணினியை அணைக்க வேண்டாம் என்றது.

மகளைத் தூக்கி நிறுத்தினாள். வாசல் பக்கம் கையைப் பிடித்து இழுத்தாள். சிறுமி நகரவில்லை. பயத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

கூடத்தின் மூலையில், சமையலறைக் கதவுக்கு மேலே, கட்டிலுக்கு எதிரே என்று, எங்கிருந்தாலும் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க அவன் அந்தக் கணினியோடு இணைத்து வைத்திருந்த மூன்று கேமராக்களிலும் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

“செருப்பைப் போட்டுக்கோ கண்ணு.”