ரீகால் தாத்தா

"இன்னைக்கு மட்டும் இது ஏழாவது தடவ" என்று பல்லைக் கடித்தார் கண்ணாடிக் கடைக்காரர். ஒரே மாடல் கார் வைத்திருக்கும் இருநூறு பேரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின்.

மறுபடியும் அதே பதிவு. 'பிரேக் குழாயில் விரிசல் விடுகிறது. கம்பெனி ரீகால் அறிவித்து வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது. இலவசமாக மாற்றித் தருவார்கள். அதுவரை மலைப் பாதையில் ஓட்டாதீர்கள். தயவுசெய்து.'

போட்டவர் ஒரு பெரியவர். குழுவில் அவருக்கு 'ரீகால் தாத்தா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சேர்ந்த அன்றே மாட்டிக்கொண்டவர் பாவம். புதிதாக வருகிறவர்கள் வண்டிப் படம் போட வேண்டும் என்பது விதி. அவர் போட்ட படத்தில் சிவப்பு கார், பூட்டிய கேட்டின் கம்பிகளுக்கு உள்ளே கோணலாகத் தெரிந்தது. "என்ன தாத்தா, வண்டிய ஜெயில்ல போட்டுட்டீங்களா?" என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள்.

இன்று குழுவிலிருந்து பன்னிரண்டு கார்கள் மலைக்குப் போயிருந்தன. ஏற்பாடெல்லாம் பல் டாக்டர். டயருக்குத் தள்ளுபடி வாங்கித் தருவதிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதர்.

மலையிலிருந்து அவர் தனியாகச் செய்தி அனுப்பினார். 'அந்த ஆளை உடனே தூக்குங்க. இல்லேன்னா நான் போயிடுவேன். பசங்களோட இறங்கப் போறோம், இனிமே சிக்னல் இருக்காது.'

டாக்டரை இழக்க முடியுமா? கடைக்காரர் பெரியவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டு, நிம்மதியாக லென்ஸ் துடைக்க உட்கார்ந்தார்.

கால் மணி நேரத்தில் போன்.

"சார், என்னை குரூப்ல காணோம். தெரியாம கை பட்டுடுச்சா?"

"தெரிஞ்சேதான் தூக்கினேன். ஒரே விஷயத்த எத்தன தடவ சொல்வீங்க?"

"திட்டுங்க சார், பரவால்ல. திரும்பச் சேத்துவிடுங்க. அவங்க இறங்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவ சொல்லிடறேன்."

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க வண்டியில குழாய மாத்திட்டீங்களா?"

"சாவி எங்கிட்ட இல்லீங்களே."

வயதான காலத்தில் ஓட்டக் கூடாதென்று வீட்டில் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

"நான் என்ன பண்றது பெரியவரே? பல் டாக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நீங்க இருந்தா அவர் இருக்க மாட்டாராம்."



"நான் போட்டத அவர் படிச்சாரா சார்?"

"எங்க படிச்சாரு? உங்க நம்பரப் பாத்தாலே தள்ளிவிட்டுடுவாராம்."

"இந்நேரம் இறங்க ஆரம்பிச்சிருப்பாங்களா?"

"பாதி தூரம் வந்திருப்பாங்க. அவ்வளவு கவலைன்னா காலையிலயே டாக்டருக்கு நேரா ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"மூணு வருஷமா எடுக்கறதில்ல சார்."

"யாரு, டாக்டரா? அவர உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"நான் படம் எடுத்துப் போட்டது அவன் வண்டி சார். நான் அவன் அப்பா."