தானாக ஓடும் ஸ்லைடு

வைத்தியலிங்கம் சார் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

பூதலூர் வட்டாரத்துக்கே ஒரே ஒரு நடவு மெஷின். அதை மானியத்தில் எந்த மகளிர் குழுவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அந்த ஆபீசர் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். வந்தவர், மாதா கோயில் ஹாலில் கம்ப்யூட்டர் இருந்த மேசையை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே கவிழ்ந்துவிட்டார்.

சுவரில் ஸ்லைடு ஓட ஓட, பக்கத்தில் நின்று பேசவேண்டியவள் அருள்ஜோதி. ஐந்தாவது வரைதான் படிப்பு. யாராவது பேர் கேட்டாலே புடவைத் தலைப்பைத் திருகுவாள். ஆனால் நடவு என்றால் அவள்தான். "நட்டவதான் பேசணும்" என்று குழுத் தலைவி அமிர்தம் ஒரே பிடியாக நின்று, அவள் பிள்ளையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைத் தொட அருள்ஜோதிக்குப் பயம். அதனால் கம்ப்யூட்டர் சென்டர் கிளாட்சனிடம், எதையும் அமுக்காமல் தானாக ஓடுகிற மாதிரி செய்து வாங்கியிருந்தாள். எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நிற்கும். அப்புறம் அடுத்த ஸ்லைடு தானே வரும்.

முதல் ஸ்லைடு, நாற்றங்கால். திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். முடித்த பிறகுதான் அடுத்தது வந்தது. கிளாட்சன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவதில்தான் ஆபீசரைக் கவனித்தாள். கண் கம்ப்யூட்டரில், விரல் பட்டன் மேல்.

"மெயில் பாக்குறாரு போல. உன் மூஞ்சிய எங்க பாக்கப்போறாரு?" என்றாள் அமிர்தம், முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே.

அருள்ஜோதிக்குச் சுருக்கென்றது. எங்கிருந்துதான் வந்ததோ தைரியம்.

"சார், அதுலேருந்து கையை எடுத்துட்டு என்னைப் பாத்துக் கேளுங்க. இடுப்பு ஒடிய நட்ட கதை இது."

அவர் கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில், சுவரில் இரண்டு ஸ்லைடு விறுவிறுவென்று ஓடிப்போனது. கரண்ட் சரியில்லை போலிருக்கிறது என்று அவள் விழிப்பதற்குள், மனுசன் மறுபடி கம்ப்யூட்டரில் கவிழ்ந்துவிட்டார். பழைய ஸ்லைடு திரும்பி வந்தது.

சொல்லியும் திருந்தாத ஜென்மம். போகட்டும், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

அவள் பேசினாள். ஆத்துல தண்ணி வந்தால் எல்லா வயலுக்கும் அதே பத்து நாளில் நடவு. நடுகிற கைகள் பாதி திருப்பூருக்குப் போயாச்சு, மீதியில் பாதி மலேசியாவில், அவள் புருஷன் உட்பட.

"ஆறு பேரு ஓட்டக் கத்துக்குவோம் சார். மெஷினை ஷெட்டுல நிறுத்தி மாலை போட்டுக் கும்பிட மாட்டோம்."

ஹாலே சிரித்தது. ஆபீசர் கடைசி ஸ்லைடு முடிந்ததும் எழுந்தார். "உங்க குழுவுக்குத்தான்மா எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"கேக்காமலே குடுத்துட்டுப் போறாரு பாரு" என்றாள் அமிர்தம்.

அந்த நேரம் பார்த்து கிளாட்சன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டானாம்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். கல்யாண ஹால்ல போட்டோ ஓட்டுறோம்ல, அதே கணக்குல போட்டுட்டேன். எழுத்து சுத்தி நின்ன உடனே அடுத்தது ஓடிரும். ஏழு ஸ்லைடும் ஒரு நிமிசம் தாங்காது. நேத்து ஓட்டிக் காட்டினப்ப நீங்க வெக்கப்பட்டு வாயே தெறக்கலையா, எனக்கும் தெரியாமப் போச்சு."

"இல்லையேப்பா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுச்சே."

"தானா நிக்காதுக்கா. ஒரு ஆளு பக்கத்துலயே உக்காந்து, நீங்க பேசுறத ஒரு வார்த்தை விடாமக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி விட்டாத்தான் உண்டு."

அருள்ஜோதி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜீப்பில் ஏறப்போன வைத்தியலிங்கம் சார், வலது கை ஆள்காட்டி விரலை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.