ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்

ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றதும் அருணாதேவி அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஒண்ணும் இல்லைனு அப்பவே சொன்னேன்,” என்றாள் மாமியார் ரேணுகாம்பாள். “மூணு வருஷமா படுத்துக்கினே ட்ராமா. இப்ப மிஷினே சொல்லிட்டுது பாரு.”

அம்மா மணியம்மாள் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். இளையவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த வேளையிலும், மூத்த மகளுக்குத் துணையாக டெஸ்டுக்கு முந்தின நாளே அடி அண்ணாமலையிலிருந்து வந்து தங்கியிருந்தாள்.

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனதிலிருந்தே அருணாவின் உடம்பு அவள் சொல்பேச்சு கேட்கவில்லை. பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் வரவில்லை, சித்திரை வெயிலில்கூடக் குளிரெடுத்தது. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி செத்திருக்கலாம் என்று சொன்ன முதல் ஆள் இந்த டாக்டர்தான். அவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் பத்தே நாளில் எழுந்து நடமாடினாள்.

உறுதிப்படுத்தத்தான் இந்த டெஸ்ட். மாத்திரையை முந்தின நாளே நிறுத்த வேண்டும். ரத்தம் எடுத்து, உடம்பைத் தூண்டிவிட ஊசி போட்டு, மறுபடி எடுப்பார்கள்.

குறை தெரிந்தால் ஆயுசுக்கும் மாத்திரை. தெரியாவிட்டால் மாத்திரை நின்றுவிடும். “குறை இருக்கிறவங்களுக்கு அதை நிறுத்தினா, ஒரு காய்ச்சல் போதும், உயிருக்கே ஆபத்து” என்று டாக்டர் சொன்னபோது அம்மாவும் மாமியாரும் எதிரில்தான் இருந்தார்கள்.

டெஸ்ட் அன்று எழுந்திருக்கவே முடியாது என்று பயந்திருந்தாள். அம்மா காய்ச்சிய கஞ்சியை மாமியார் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடித்துவிட்டு, யாரும் பிடிக்காமல் ஆட்டோவில் ஏறினாள். நிஜமாகவே நடிக்கிறேனோ என்று அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

டாக்டர் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். ரிப்போர்ட்டை வெகுநேரம் பார்த்தார்.

“டெஸ்ட் அன்னிக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?”

“இல்லீங்க டாக்டர்.”

“ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயே ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. தானா இவ்வளவு சுரக்கிற உடம்பா இருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க. இந்த டெஸ்ட் உங்க உடம்பைப் பாக்கலை, உள்ள போன மாத்திரையைத்தான் பாத்திருக்கு.”

வராந்தாவுக்கு வந்ததும் அருணா மாமியாரை மறித்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது.

“கஞ்சியில என்ன கலந்தீங்க அத்தை?”

ரேணுகாம்பாள் முகம் கறுத்தது. “உன்னை சோம்பேறின்னேன், நடிக்கிறன்னேன். எல்லாம் உன் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். ஒளிச்சு வெச்சுக் கலக்கற புத்தி எனக்கு எதுக்குடி?” வெடுக்கென்று படியிறங்கிப் போனாள்.

அது பொய்யில்லை என்று அருணாவுக்குத் தெரிந்தது. அந்த வாய் எதையும் மறைத்ததில்லை. எத்தனை நாள் அவள் அதற்காகவே அழுதிருக்கிறாள்.

மெல்லத் திரும்பினாள். மணியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா?”

மணியம்மாள் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“தங்கச்சிக்கு நிச்சயம் முடியட்டும் கண்ணு, அப்புறம் நீ நோயாளியா இருந்துக்க.”