காதில் குருவி

மாமனாரின் காதுக்குள் வைக்கும் சின்ன மிஷினை என் மனைவிதான் வாங்கிக் கொடுத்தாள். அவரைக் கட்டிக்கொண்டால் அது கீச்சிடும். "அப்பா காதுல குருவி" என்று சிரிப்பாள். அவள் இறந்ததும் அவர் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

"காது கேக்காம ஒதுங்கி ஒதுங்கியே மனசு விட்டுப்போயிடும். மிஷினை மாட்டிவிட்டுப் பேச்சுக் கொடுங்க" என்றார் டாக்டர்.

ஆளை விடுங்கள் என்று மாமா கும்பிட்டுவிட்டார்.

மிஷின் இல்லாமலே பேசினேன். தினமும் சாயங்காலம் பால்கனியில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்காது என்பதால் எதையும் சொல்ல முடிந்தது.

"உங்க பொண்ணு என்னை ஏமாத்திட்டா மாமா. நோயைக் கடைசி வரைக்கும் என்கிட்ட மறைச்சுட்டா. அவளை மன்னிக்கவே முடியலை."

அவர் சுவரையே பார்ப்பார்.

நேற்று அதைச் சொல்லும்போது முதல்முறையாக அழுகை வந்தது. அவர் தோளில் சாய்ந்தேன்.

கீச்.

விலகி உட்கார்ந்தேன். "எப்போலேர்ந்து மாட்டியிருக்கீங்க?"

"நீங்க பேச ஆரம்பிச்ச மறுநாள்லேர்ந்து."

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க? அப்பாவும் பொண்ணும் நல்லா மறைக்கிறீங்க!"

"கேக்குதுன்னு தெரிஞ்சா நீங்க வாயைத் திறப்பீங்களா மாப்ளே? திட்டினாலும் அது அவ பேச்சுதானே. இந்த வீட்ல எனக்கு வேற என்ன இருக்கு?"



மாமா மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தாங்க. இனிமே எனக்குக் கேக்காது. பேசுங்க."

நான் பேசவில்லை. மூடிய கைக்குள் குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.